தலைமன்னார் வரை தண்டவாளம், பாம்பன் வரை பாலம்: நடுவில் நாங்கள்

1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலைப்பொழுது. இராமேஸ்வரத்திலிருந்து எங்களை ஏற்றிய பஸ் பாம்பன் வீதிப் பாலத்தின் மேல் ஏறியபோது எனக்குப் பத்து வயது. முதல் நாள் இரவு பேசாலைக் கரையிலிருந்து வள்ளத்தில் புறப்பட்டிருந்தோம். உடுத்த உடுப்பில் கடல் உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. பஸ்ஸின் யன்னலுக்குக் கீழே, கடல் மட்டத்தை ஒட்டியபடி ஒரு ரயில் நடந்து போவதுபோல மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அதற்குமுன் கடலின் மேல் ரயில் போவதைப் பார்த்ததில்லை.

பக்கத்தில் இருந்த அப்பம்மா அந்தப் பாலத்தைக் காட்டிச் சொன்னார்: "உங்கட அப்பப்பாவும் நானும் கலியாணம் முடிச்ச புதிசில வேளாங்கண்ணிக்கு இதாலதான் போனனாங்கள். அப்ப எங்களிட்ட ரிக்கெற் மட்டும்தான் கேட்டவங்கள்."

அன்று எங்களிடம் பெயர், ஊர், வயது, தலைகளின் எண்ணிக்கை எல்லாம் கேட்டார்கள். மண்டபம் முகாமில் வரிசையில் நின்று ஒரு அட்டை வாங்கினோம். அந்த அட்டைதான் அடுத்த இருபத்தொரு வருடங்களுக்கு எனது அடையாளமாக இருந்தது. 2011இல் அப்பா அம்மாவுடன் நான் ஊர் திரும்பினேன். முகாமில் திருமணம் செய்திருந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டா.

அந்தப் பழைய ரயில் பாலம் இப்போது சேவையில் இல்லை. அதன் பக்கத்தில் புதிய பாலமொன்று வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அதைத் திறந்து வைத்தார். அன்று காலை அவர் அநுராதபுரத்தில் இருந்தார் என்பது எம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவுடன் சேர்ந்து, இந்தியக் கடனுதவியில் சீரமைக்கப்பட்ட மஹவ – ஓமந்தை ரயில் பாதையை அங்கே ஆரம்பித்து வைத்துவிட்டு, ஹெலிகொப்டரில் கடலைக் கடந்து இராமேஸ்வரம் போய்ப் பாம்பன் பாலத்தைத் திறந்தார். ஒரே நாளில் இரண்டு ரயில் திறப்பு விழாக்கள், கடலின் இரு கரைகளிலும்.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் எமது ஊடகங்கள் தனித்தனிச் செய்திகளாகவே பார்த்தன. ஒன்று இலங்கைச் செய்தி, மற்றையது தமிழ்நாட்டுச் செய்தி. ஆனால் ஒரு காலத்தில் இவை இரண்டும் ஒரே பயணத்தின் இரண்டு துண்டுகளாக இருந்தவை. அந்தப் பயணத்தை மறந்துவிட்டு இந்தப் பாலம் மாற்றப்பட்டதன் அர்த்தத்தை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

பழைய பாலம் ஏன் போனது?

பழைய பாம்பன் பாலம் 1914 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளம், 140க்கும் மேற்பட்ட கண்கள். நடுவில், கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் பகுதி. அதை வடிவமைத்தவர் பெயராலேயே அது ஷெர்சர் தூக்கு என்று அழைக்கப்பட்டது. இரண்டு பக்கமும் தொழிலாளர்கள் நின்று கையால் சுற்ற, பாலம் நடுவால் பிளந்து இரண்டு இறக்கைகளாக மேலே எழும். நூறு வருடங்களுக்கு மேலாக அது மனித வலுவில்தான் திறந்து மூடியது.

1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு வந்த புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயில் கடலோடு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் எவரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. அதே புயல்தான் மன்னாரையும் வன்னியையும் அடித்தது. எமது கரையோரக் கிராமங்களிலும் பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது. பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் விழுந்தன. ஆனால் ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் நின்றது. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரின் பொறுப்பில், விழுந்த கர்டர்களைக் கடலுக்குள்ளிருந்தே தேடி எடுத்துப் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தை மீண்டும் இயங்கச் செய்தார்கள். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் என்று அறியப்பட்டவர் இவர்தான்.

2007இல் மீற்றர் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டபோது, பாரம் குறைந்த பழைய வண்டிகளுக்காகக் கட்டப்பட்ட பாலத்தின் மேல் பாரம் கூடிய வண்டிகள் ஓடத் தொடங்கின. பாம்பன் கடல், இரும்பை மிக வேகமாகத் தின்னும் கடல். கடைசி வருடங்களில் ரயில்கள் பாலத்தின் மேல் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் என்ற அளவில் ஊர்ந்துதான் போயின. 2022 டிசெம்பரில் ரயில் சேவை முற்றாக நிறுத்தப்பட்டது. அதன்பின் இரண்டேகால் வருடங்களுக்கு இராமேஸ்வரம் போகும் ரயில்கள் மண்டபத்துடன் நின்றன.

புதியது எப்படிப்பட்டது?

புதிய பாலத்துக்கு 2019 மார்ச் மாதத்தில் அடிக்கல் நாட்டினார்கள். 500 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் செலவானது. பழைய பாலத்தை விட மூன்று மீற்றர் உயரம். மொத்தம் நூறு கண்கள். அவற்றில் ஒன்று மட்டும் 72 மீற்றருக்கு மேல் நீளமானது. அந்தப் பகுதிதான் இரண்டு கோபுரங்களுக்கு இடையில், லிஃப்ட் போல, நேராக 17 மீற்றர் மேலெழும். மின் மோட்டார்தான் அதைத் தூக்குகிறது. சில நிமிட வேலை. இப்போது ஒற்றைப் பாதைதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது பாதைக்கும் சேர்த்தே அடித்தளத்தை இறக்கியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் எனக்கு முதலில் விளங்கப்படுத்தியது அக்காவின் மகன். அவன் அங்கே பிறந்தவன். சிவில் பொறியியலில் டிப்ளோமா முடித்தவன். திறப்பு விழாவுக்குச் சில நாட்களின் பின் வீதிப் பாலத்தில் நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். தூக்குப் பகுதி மேலே போக, கீழால் மீன்பிடிப் படகுகள் வரிசையாகப் போகின்றன. பின்னால் அவனுடைய குரல்: "கம்பியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாமா, உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்காத பெயின்ட்." பெயின்ற்றைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும். டிப்ளோமாவை வைத்துக்கொண்டு அவன் செய்யும் வேலை வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பது. முகாம் இளைஞர்களில் பெரும்பாலானோரின் தொழில் அது. அவனுடைய கதைக்குப் பிறகு வருகிறேன்.

புதிய பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. 2024 நவம்பரில் இந்திய ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாலத்தைப் பரிசோதித்து அறிக்கை கொடுத்தார். வடிவமைப்பில் ரயில்வேயின் சொந்த நடைமுறைகளே பின்பற்றப்படவில்லை என்றும், கடல் அரிப்பிலிருந்து பாலத்தைக் காப்பதற்கான ஏற்பாடுகள் போதாது என்றும் அதில் கடுமையாக எழுதினார். ரயில்வே அதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. பாலத்தின் மேல் மணிக்கு 75 கிலோமீற்றரும், தூக்குப் பகுதியில் 50 கிலோமீற்றரும் என்ற வேகக் கட்டுப்பாட்டுடன்தான் அனுமதி கிடைத்தது. ரயில்வே அமைச்சின் கீழ் வராத ஒரு அதிகாரி, பிரதமர் திறக்கப்போகும் ஒரு பாலத்தில் குறை கண்டு எழுதினார், அது பத்திரிகைகளில் வந்தது, மக்கள் வாசித்தார்கள்.

எமது வடக்கு ரயில் பாதையைப் பற்றியோ தலைமன்னார் பாதையைப் பற்றியோ இப்படியொரு அறிக்கையை நான் வாசித்ததில்லை. பாதுகாப்பற்ற கடவைகளில் எமது மக்கள் இறக்கும்போது ஒரு நாள் செய்தி வருகிறது, ஊர் மக்கள் தண்டவாளத்தில் குந்தியிருந்து மறிக்கிறார்கள், ஒரு தடியை வைத்து ஒருவரைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள். அவ்வளவுதான். கடன் எங்கள் பெயரிலும் வாங்கப்படுகிறது. அந்தக் கடனில் கட்டப்பட்டது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமையும் எங்களுக்கு இருக்க வேண்டும்.

ஒரு பயணம் இரண்டாகத் துண்டிக்கப்பட்ட கதை

1914இல் பாம்பன் பாலத்தைக் கட்டியது இராமேஸ்வரம் கோயிலுக்குப் போகிறவர்களுக்காக மட்டுமல்ல. சென்னை எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் வந்து, அங்கிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயிலில் போகலாம். அதைத்தான் எங்கள் பெரியவர்கள் போட் மெயில் என்று சொன்னார்கள். அப்பம்மா சொன்ன ரிக்கெற் அந்த ரிக்கெற்தான்.

அந்தப் பாதையில் எல்லோரும் வேளாங்கண்ணிக்குப் போகவில்லை. தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த மக்கள் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய் இல்லையென்று உறுதியானபின்தான் கடல் கடக்க விடப்பட்டார்கள். பிறகு 1964 ஒக்ரோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு தலைநகரங்கள் முடிவெடுத்தன. போவதா நிற்பதா என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. மலையகத்திலிருந்து ரயிலில் தலைமன்னாருக்குக் கொண்டுவரப்பட்டு, கப்பலில் இராமேஸ்வரத்தில் இறக்கப்பட்டு, பாம்பன் பாலத்தின் மேலால் தெரியாத ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எங்களை வைத்திருந்த மண்டபம் முகாமில்தான் அவர்களும் முதலில் இறங்கினார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதிக்குள் கப்பல் சேவையும் நின்றுபோனது. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபோது தலைமன்னார் ரயிலும் யாழ்ப்பாண ரயிலும் நின்றன. மன்னார்த் தீவைப் பெருநிலத்துடன் இணைத்த பாலங்கள் தகர்க்கப்பட்டன. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் காவலரண்களுக்குப் போயின. எங்களுக்கு மிஞ்சிய ஒரே வழி கடல். 1983இலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த வழியால் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். பாலமும் கப்பலும் இல்லாத கடலை அவர்கள் மீன்பிடி வள்ளங்களில் கடந்தார்கள். கடக்க முடியாமல் போனவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

போர் முடிந்தபின் தண்டவாளங்கள் திரும்பி வந்தன. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தது. 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னாருக்கான ரயிலை, அங்கு நேரில் வந்த மோடிதான் கொடியசைத்து அனுப்பி வைத்தார். ஆக, இந்தப் பக்கம் தலைமன்னார் இறங்குதுறை வரை தண்டவாளம் இருக்கிறது. அந்தப் பக்கம் இராமேஸ்வரம் வரை புதிய பாலத்தின் மேல் ரயில் ஓடுகிறது. இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் பாதை போடவும் 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அது இன்னும் அடிக்கல்லாகவே இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. அந்தத் தூரத்தைக் கடக்க இன்று ஒரு சட்டபூர்வமான படகுகூட இல்லை. பேசாலையிலிருந்து அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் நான் காங்கேசன்துறைக்குப் போய் நாகபட்டினக் கப்பலைப் பிடிக்க வேண்டும், அல்லது விமானம் ஏற வேண்டும். நான் போகலாம், என்னிடம் கடவுச்சீட்டு இருக்கிறது. அவர்கள் வருவதுதான் பிரச்சினை.

பாலத்தால் கடக்க முடியாதவர்கள்

தமிழ்நாட்டில் இன்றும் ஏறத்தாழ 90,000 இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கிறார்கள். அவர்களில் 57,000க்கும் மேற்பட்டோர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில். 2021இல் தமிழ்நாடு அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது, புதிய வீடுகளும் கட்டிக் கொடுத்தது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகளின் நிலைமையை ஒரு மாநில அரசால் தீர்க்க முடியாது.

என் மருமகன் இந்தியாவில் பிறந்தும் இந்தியப் பிரஜை இல்லை. பெற்றோர் இருவரும் இந்தியர் அல்லாததால் அந்நாட்டுச் சட்டம் அவனை ஏற்காது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோருக்கு வழி திறந்தது. எங்களை அது சேர்க்கவில்லை. இலங்கைப் பிரஜையாவதற்கு அவனுடைய பிறப்பு இலங்கைத் தூதரகத்தில் பதியப்பட வேண்டும். அதற்கு அக்காவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அக்காவின் சான்றிதழ் 1990இல் வீட்டோடு எரிந்தது. அதன் பிரதியை எடுக்க நான் இங்கே ஏறாத அலுவலகம் இல்லை. ஒரு இடத்தில் பதிவேடு பழுதடைந்துவிட்டது என்றார்கள், இன்னொரு இடத்தில் விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும் என்றார்கள். நேரில் வருவதற்குத்தானே அந்தச் சான்றிதழ் என்று கேட்டேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் சிரித்தார். அவரும் எங்கள் ஆள்தான்.

2025இல் இரண்டு கரைகளிலும் நடந்தவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரலில் பாலமும் பாதையும் திறக்கப்பட்டன. மே மாதத்தில், நாடுகடத்தலை எதிர்த்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகம் முழுவதிலிருந்தும் வருவோரைத் தங்கவைக்க இந்தியா தர்மசாலை அல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது. அதே மாத இறுதியில், ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டில் நாடு திரும்பிய முதியவர் ஒருவர் பலாலியில் வந்திறங்கியதும் கைது செய்யப்பட்டார். அனுமதிக்கப்பட்ட துறையினூடாக நாட்டை விட்டு வெளியேறவில்லை என்பது குற்றம். கண்டனங்கள் எழுந்தபின், சட்டம் இயந்திரத்தனமாகப் பிரயோகிக்கப்பட்டுவிட்டது, மாற்றம் செய்யப்படும் என்று அரசாங்கத் தரப்பில் சொன்னார்கள். செப்டெம்பரில் இந்திய அரசு, 2015 ஜனவரி 9ஆம் திகதிக்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அது நிம்மதி தரும் விடயம். ஆனால் குடியுரிமை தரும் விடயம் அல்ல.

1990இல் மன்னாரில் எந்தத் துறை திறந்திருந்தது, நாங்கள் அனுமதிக்கப்பட்ட துறையால் வெளியேறுவதற்கு? தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் இல்லை, ரயிலும் இல்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள் என்பது தெரியாமல் இருந்திருக்கலாம். இன்று அதை நடைமுறைப்படுத்துபவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

புயலும் பாலங்களும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஏழு மாதங்களுக்கு முன் மோடி ஆரம்பித்து வைத்த பாதை உட்பட, வடக்கு ரயில் பாதையும் சேதமடைந்தது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பாலம் அடித்துச் செல்லப்பட்ட இடத்தில் இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் 120 அடி நீளமான பெய்லி பாலம் ஒன்றைப் பொருத்தினார்கள். டிசெம்பரில் கொழும்பு வந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதைத் திறந்து வைத்ததோடு, 450 மில்லியன் டொலர் உதவித் திட்டத்தையும் அறிவித்தார். அதில் 350 மில்லியன் சலுகைக் கடன், 100 மில்லியன் நன்கொடை.

இந்த உதவியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வன்னியில் பாலம் உடைந்தால் நோயாளியை எப்படிக் கொண்டு போவது என்பது எங்களுக்குத் தெரியும். போர்க்காலம் முழுவதும் அதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் எங்கள் பாலங்களைப் பற்றிய பேச்சு எப்போதும் டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையிலேயே நடக்கிறது. தரைவழி இணைப்புக்கான பேச்சும் அப்படித்தான். 2015இல் இந்திய அமைச்சர் ஒருவர் அறிவித்தார், கொழும்பு மறுத்தது. 2023 யூலையில் சாத்தியக்கூற்று ஆய்வு செய்வதாக இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டன. தெற்கில் இறைமை பற்றிய அச்சம் எழுகிறது. மன்னார் மீனவர்களுக்கு வேறு அச்சம். பாம்பன் பாலம் உயரும்போது கீழால் கடந்து வரும் படகுகளில் இழுவைப் படகுகளும் உண்டு, அவை எங்கள் கடலின் அடியை வாரிக்கொண்டு போகின்றன. ஒரு பாலம் வந்தால் யார் வருவார்கள், எது போகும் என்று கேட்பது அவர்களின் நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை அவர்களிடம் போய் எந்த அரசும் கேட்கவில்லை.

என்னிடம் கேட்டால், ஆயிரக்கணக்கான கோடி ரூபாவுக்குப் பாலம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய மலிவான வேலைகள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் சேவை. இரண்டு பக்கமும் தண்டவாளம் தயாராக இருக்கிறது. 2024 டிசெம்பர் கூட்டறிக்கையிலும் அது சொல்லப்பட்டிருக்கிறது. முப்பது வருடக் குடும்பத்தை ஒரு விமானப் பொதிக்குள் அடக்க முடியாது. தையல் மெசினும் பாத்திரங்களும் பிள்ளைகளின் புத்தகங்களும் கொண்டு திரும்பக் கப்பல்தான் வேண்டும்.

இரண்டாவது, போரினால் ஓடியவர்கள் திரும்பும்போது கைது செய்யப்படமாட்டார்கள் என்பதைச் சட்டத்தில் எழுத வேண்டும். அமைச்சரின் வாய்மொழி வாக்குறுதி அடுத்த அமைச்சரோடு போய்விடும்.

மூன்றாவது, முகாம்களுக்கே சென்று பிறப்பையும் குடியுரிமையையும் பதியும் நடமாடும் சேவை. எரிந்துபோன சான்றிதழுக்குப் பதிலாகத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, பாடசாலைப் பதிவு, கிராம அலுவலரின் உறுதிமொழி ஆகியவற்றை ஏற்க வேண்டும். போர் தின்ற தாளை, போரைக் கண்ட மனிதரிடம் கேட்பது நிர்வாகம் ஆகாது.

நிற்க விரும்புவோர் அங்கே நிற்கட்டும். அதற்கான குடியுரிமையை இந்தியா கொடுக்க வேண்டும். வர விரும்புவோர் வரட்டும். 1964இல் மலையக மக்களிடம் கேட்காமல் விட்டதை இந்த முறையாவது கேட்க வேண்டும்.

பழைய பாலத்தை அகற்றும் நடவடிக்கைகளை இந்திய ரயில்வே தொடங்கியிருக்கிறது. அந்தத் தூக்குப் பகுதியையாவது நினைவாக வைத்திருக்கும்படி பலர் கேட்டார்கள். பழைய இரும்புக்கு விலை உண்டு, அப்பம்மாவின் ரிக்கெற்றுக்கு விலை இல்லை. போன வாரம் அக்கா கதைத்தபோது, "பாலத்தைக் கழட்டப் போறாங்களாமடா" என்று சொன்னா. பிறகு வழமைபோலக் கேட்டா: "என்ர சேட்டிபிக்கற் ஏதும் சரிவந்ததோ?"

அடுத்த திங்கட்கிழமை மீண்டும் போகிறேன். இந்த முறை பேசாலைத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டுப் பிரதியையும் கொண்டு போகிறேன்.